ஏழாம் படுக்கையில் பழுது இல்லை

மற்றவர்களுக்குப் பேய் ராத்திரியில் வரும். எனக்குப் பட்டப்பகலில் வந்தது. காலை மணி 11.10. வெளியே சுள்ளென்று வெயில். கையில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு, பழுது பார்த்துத் தரச் சொன்னது.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கதை கட்டுவதற்கு எனக்குச் சாமர்த்தியம் போதாது. நான் ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். இருபத்திரண்டு வருடங்களாக முள்ளும் எண்ணும் காட்டுவதைத் தவிர எதையும் நம்பியதில்லை. அன்று நடந்ததெல்லாம் நேரத்தோடு பட்டறைப் பதிவேட்டில் இருக்கிறது. எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அதுதான் என்னை வாட்டுகிறது.

என் பட்டறை தரைத்தளத்தின் கடைசியில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில். எந்நேரமும் அடுப்பு மாதிரி கொதிக்கும். மின்விசிறி நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. இதயத்துடிப்பு பார்க்கும் மெஷினைப் பிரித்துப் போட்டு மாட்டத் தெரிந்த நான் அந்த மின்விசிறியைத் தொடக் கூடாதாம். அது மின்சாரப் பிரிவின் வேலையாம். மூன்று கடிதம் எழுதினேன். கிணற்றில் போட்ட கல்.

அதனால் அன்று காலையிலேயே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். தவிர, வருகிற புகார்களில் முக்கால்வாசி புகாரே இல்லை. பிளக்கைச் சொருகாமல் மெஷின் ஓடவில்லை என்பார்கள். பேட்டரியைத் தலைகீழாகப் போட்டுவிட்டு மெஷின் சரியில்லை என்பார்கள். என்னைப் பார்த்தால் 'ஸ்பேனர் சார் கடிக்க வருவார்' என்று வார்டில் கிண்டல் பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

11.10. கவுன்ட்டரில் யாரோ நின்றார்கள்.

ஐம்பதைத் தாண்டிய அம்மா. தலையையும் கழுத்தையும் சுற்றிக் கனமான பழுப்புக் கம்பளிச் சால்வை. அந்த அறையில் நான் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. முகம் உப்பியிருந்தது. கண் இமைகள் வீங்கியிருந்தன. புருவம் பாதிதான் இருந்தது. வெளிப்பக்கத்து முனைகளை யாரோ ரப்பரால் அழித்துவிட்ட மாதிரி...

"ஏழாம்... படுக்கை" என்றார். கரகரத்த குரல். ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக. "எண்... காட்டல."

ஒரு தெர்மாமீட்டரையும் புகார்ச் சீட்டையும் வைத்தார். சீட்டு மஞ்சள் நிறம். போன வருடமே வெள்ளைச் சீட்டுக்கு மாறிவிட்டோம். இன்னமும் பழையதையே எழுதி அனுப்புகிறார்களே என்று எனக்கு அதிலும் ஒரு எரிச்சல்.

முன்பெல்லாம் இப்படி வந்தால் 'பழுது' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு வேறு தெர்மாமீட்டரை எடுத்துக் கொடுத்துவிடுவேன். புதிய நிர்வாகி வந்த பிறகு அது நடக்காது. சோதித்துப் பார்க்காமல் எதையும் கழிக்கக் கூடாது. பட்டறையில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. சூடு மாறாமல் சரியாக 37 டிகிரியில் நிற்கும். அதில் முக்கினேன். பீப் என்றது. 37.0. புத்தம் புதியது மாதிரி வேலை செய்தது.

"நல்லாத்தானே இருக்கு. அக்குள்ல அழுத்தி வெக்கச் சொல்லுங்க."

"நல்லாப்... பாத்தீங்களா?"

"பாத்துட்டேம்மா."

அவர் அதை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து போனார். பதிவேட்டில் எழுதினேன். கருவி எண் 418. பழுது இல்லை. அப்போதுதான் கவனித்தேன். தெர்மாமீட்டர் இருந்த இடத்தில் கவுன்ட்டர் தகரத்தில் நீளமாக ஒரு ஈரக்கோடு. குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டிலை வைத்தால் வேர்க்குமே, அப்படி...

துணியால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

11.50. தொலைபேசி. இரண்டாம் மாடி, பெண்கள் வார்டு. தலைமை நர்ஸ் பேசினார்.

"ஸ்பேனர் சார், ஏழாம் படுக்கை மானிட்டர் கத்திக்கிட்டே இருக்கு. துடிப்பு முப்பத்தொம்போதுன்னு காட்டுது. மெஷின் கோளாறு."

"நெஞ்சுல ஒட்டற ஸ்டிக்கரை மாத்திப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை. அதே எண்தான் வருது."

"ஆள் எப்படி இருக்காங்க?"

"நெஞ்சுச்சளி கேஸ். நல்லாத் தூங்கறாங்க. நீங்க வர்ற வரைக்கும் அலாரத்தை நிறுத்தி வெச்சிருக்கேன்."

சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

12.25. ஆயா ஒருத்தி, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பைக் கொண்டுவந்தாள். அதுவும் ஏழாம் படுக்கை. எண்ணே வரவில்லையாம். என் விரலில் மாட்டினேன். 98.

"விரல் சில்லுனு இருந்தா எடுக்காது. தேச்சு விட்டு மாட்டச் சொல்லு" என்று திருப்பி அனுப்பினேன். என் வாயால் நானே சொன்னேன். சில்லென்று இருந்தால் எடுக்காது. அப்போதுகூட என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

1.40. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டு வாய்கூட வைக்கவில்லை.

"எண்... காட்டல."

நிமிர்ந்தேன். அதே சால்வை. அதே முகம்.

ஆனால் அவர் கவுன்ட்டருக்கு வெளியே நிற்கவில்லை. உள்ளே நின்றார். என் மேசைக்கு எதிரே. கவுன்ட்டர் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்வேன். எட்டிப் பார்த்தேன். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

கோபத்தில் பயம் வரவில்லை. அதுதான் உண்மை. "சாப்பிடக்கூட விட மாட்டீங்களா? உள்ள யாரு உங்கள வரச் சொன்னது?" என்றேன்.

"நல்லாப்... பாத்தீங்களா?"

வெடுக்கென்று தெர்மாமீட்டரைப் பிடுங்கினேன். விரல் சுரீர் என்றது. பனிக்கட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. தொட்டிக்குத் திரும்பினேன். குளிர்ந்த தண்ணீரை ஊற்றி அதன் சூட்டை வேண்டுமென்றே 30 டிகிரிக்கு இறக்கினேன். இந்த வகை தெர்மாமீட்டர் 32 டிகிரிக்குக் கீழே எண் காட்டாது. 'லோ' என்று இரண்டு எழுத்து மட்டும் வரும். முக்கினேன்.

லோ.

"பாத்துக்குங்கம்மா. கருவி சரியாத்தான் சொல்லுது. முப்பத்திரண்டுக்குக் கீழ போனா எண் காட்டாது. அப்படி ஆளு சில்லுனு..."

சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

யாரும் இல்லை. தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

சாப்பிடத் தோன்றவில்லை. தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சண்டை போடத்தான் மாடிக்குப் போனேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஒரே கட்டிலுக்கு நாலு புகார். நாலும் பொய். யார் அந்த அம்மாவைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள் என்று கேட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு வார்த்தை பேசிவிட்டு வரவேண்டும்.

2.05. வார்டு.

"தெர்மாமீட்டரா? நாங்க அனுப்பவே இல்லையே" என்றார் தலைமை நர்ஸ். "மானிட்டருக்கு போன் பண்ணேன், கிளிப்பை அனுப்பினேன். அவ்வளவுதான்."

"சால்வை போத்துன அம்மா ரெண்டு தடவை வந்தாங்களே?"

"எங்க ஆள் யாரும் சால்வை போத்த மாட்டாங்க சார். வெயில்ல உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

ஏழாம் படுக்கையைப் பார்த்தேன். மூன்று கம்பளிக்கு அடியில் ஒரு அம்மா. தையல்காரராம். பக்கத்தில் அவருடைய மகள். கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மானிட்டர் சத்தமில்லாமல் 38 என்று மினுக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, நீங்க மெஷின்காரரா?" என்றாள் மகள். "காலைலேர்ந்து சொல்றேண்ணா. அம்மா சில்லுனு இருக்காங்க. எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்கறாங்க. யாருமே காதுல வாங்கல. ஏசியைக் குறைச்சு வெச்சுட்டுப் போயிட்டாங்க."

கட்டில் கால்மாட்டில் அட்டையைப் பார்த்தேன். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு. மூன்று வேளைக்கும் சூடு 36.5.

"இது யாரு எடுத்தது?"

நர்ஸ் என் கண்ணைப் பார்க்கவில்லை. "தெர்மாமீட்டர்ல எண் வரல. அக்குள்ல சரியா உக்காரல. நேத்து எண்ணையே போட்டிருக்கோம். எல்லாரும் செய்யறதுதான்."

என் சட்டைப் பையில் 418 இருந்தது. மகளிடம் கொடுத்தேன். முதலில் அவளே வைத்துப் பார்த்தாள். 36.9. நான் வைத்தேன். 36.7. அப்புறம் அவள் அம்மாவுக்கு.

லோ.

நானே அந்த அம்மாவின் புறங்கையைத் தொட்டேன். உயிருள்ள கை அப்படி இருக்கக் கூடாது.

மானிட்டர் சரி. கிளிப் சரி. தெர்மாமீட்டர் சரி. மூன்று கருவியும் ஒரே நேரத்தில் ஒரே பொய்யைச் சொல்லாது. காலையிலிருந்து அவை உண்மையைக் கத்திக்கொண்டிருந்தன. நாங்கள் அவற்றின் வாயை அடைத்துக்கொண்டிருந்தோம்.

"டாக்டரைக் கூப்பிடுங்க" என்றேன்.

"காலைல பாத்துட்டுத்தான் போனாங்க. சளிக்கு ஊசி போட்டாச்சு. நீங்க மெஷினைப் பாருங்க சார், பேஷன்ட்டை நாங்க பாத்துக்கறோம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் இந்தக் கட்டடத்தில் கத்தினால் ஒன்றும் நடக்காது. காகிதம்தான் நடக்கும். கருவி பற்றிய என் அறிக்கையில் டியூட்டி டாக்டர் நேரில் வந்து, கருவியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி. இத்தனை வருடமாக நான் திட்டித் தீர்த்த விதி அது. படிவத்தை எடுத்தேன். எழுதினேன்: 'ஏழாம் படுக்கையின் மூன்று கருவிகளிலும் பழுது இல்லை. பழுது கட்டிலில் இருக்கிறது.' டாக்டர் உடனே வந்து கையெழுத்திட வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னேன்.

2.17. டாக்டரம்மா வந்தார். சின்ன வயது. முகத்தில் கடுகடுப்பு. "ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு அவசரமா?"

படித்தார்.

இன்னொரு தடவை படித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் போனார்.

"இவங்க இப்ப ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?" என்று மகளிடம் கேட்டார்.

"இல்ல டாக்டர். காலைலயும் கேட்டாங்க, இல்லன்னு சொன்னேன்."

டாக்டரம்மா கம்பளியை விலக்கினார். கழுத்தின் அடியில் மாலை மாதிரி மெல்லிய தழும்பு. "இது என்ன?"

"பதினோரு வருஷம் முன்னாடி தைராய்டு எடுத்தாங்க."

"அதுக்கு மாத்திரை?"

"தினமும் சாப்பிட்டாங்க. நாலு மாசம் முன்னாடி வீடு மாறினோம். டப்பா தொலஞ்சுபோச்சு. நல்லாத்தானே இருக்கேன், பதினோரு வருஷம் சாப்பிட்டது போதாதான்னு விட்டுட்டாங்க." அவள் குரல் தேய்ந்தது. "இப்ப சாப்பிடறாங்களான்னுதானே கேட்டாங்க..."

கேட்ட கேள்விக்குச் சரியான பதில். அந்தச் சரியான பதில் ஒரு உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது. யாரைத் திட்டுவது?

சாதாரணத் தெர்மாமீட்டர் உதவாது. ஆபரேஷன் தியேட்டரில் குறைந்த சூட்டையும் அளக்கும் கம்பி ஒன்று உண்டு. படிகளில் ஓடிப்போய் எடுத்து வந்தேன். 2.26.

30.9.

டாக்டரம்மா பெரிய டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தார். "சூடு முப்பது புள்ளி ஒம்போது. துடிப்பு முப்பத்தெட்டு. மூச்சு ஆறுதான். தைராய்டு எடுத்தவங்க, நாலு மாசமா மாத்திரை இல்ல, மேல நெஞ்சுச்சளி வேற. மிக்ஸிடீமா கோமா சார். ரத்தம் எடுக்கறேன், ஆனா ரிசல்ட் நாளைக்குத்தான் வரும். காத்திருக்க முடியாது. முதல்ல ஸ்டீராய்டு ஊசி, அடுத்தது தைராய்டு மருந்து. ஐசியூல படுக்கை வேணும். இப்பவே."

மகளுக்குப் புரியவில்லை. டாக்டரம்மா சொன்னார்: "உடம்புல தைராய்டு சத்து சுத்தமா வத்திப்போச்சு. உடம்பு ஒவ்வொரு விளக்கா அணைச்சுக்கிட்டு வருது."

"வெந்நீர்ப் பை வெக்கட்டுமா?"

"வேணாம். திடீர்னு சூடு காட்டினா ரத்த அழுத்தம் விழுந்துடும். கம்பளி மட்டும் இருக்கட்டும்."

பிறகு தலைமை நர்ஸிடம் காட்டிக்காட்டிச் சொன்னார். மெதுவான குரலில், திட்டாமல். "பாருங்க சிஸ்டர். முகம் உப்பியிருக்கு. இமை வீங்கியிருக்கு. தோல் காஞ்சு கிடக்கு. புருவத்தோட வெளி முனை உதிர்ந்துபோயிருக்கு. பேசும்போது குரல் கரகரன்னு, இழுத்து இழுத்து வந்திருக்கும். எல்லாரும் வேர்க்கும்போது இவங்களுக்குக் குளிரும். சால்வை கேப்பாங்க..."

எனக்குக் கவுன்ட்டரில் நின்ற அம்மா ஞாபகம் வந்தது.

உப்பிய முகம். பாதிப் புருவம். இழுத்துப் பேசும் குரல். சால்வை.

கட்டிலில் இருந்த அம்மாவைப் பார்த்தேன். அதே நோய். ஆனால் அதே முகம் இல்லை.

"உங்க வீட்லேர்ந்து வேற யாராவது வந்திருக்காங்களா?" மகளிடம் கேட்டேன். "சித்தி, பெரியம்மா யாராவது?"

"இல்லண்ணா. நான் மட்டும்தான்."

2.38. கட்டிலை நகர்த்த மானிட்டரின் ஒயர்களைக் கழற்றி, திரையை அணைத்தேன்.

கறுத்த திரையில் வார்டு தெரிந்தது. ஜன்னல். மகள்.

மகளுக்குப் பின்னால்... சால்வை.

அவர் நோயாளியைப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பினேன்.

ஜன்னல் மட்டும்தான்.

2.51. ஐசியூவில் மூச்சுக்குழாய் போட்டார்கள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. போகவும் முடியவில்லை. மகளோடு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் அழவில்லை. "நான்தான் மாத்திரை வாங்கிட்டு வந்திருக்கணும்" என்று மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னாள். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. டாக்டரம்மாவின் கையெழுத்து இல்லாத அந்தப் படிவத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

சரியாக 4.15. கதவு திறந்தது. உள்ளிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"துடிப்பு நாப்பத்தாறு. கொஞ்சம் கொஞ்சமா ஏறுது."

அப்போதுதான் அவள் அழுதாள்.

மறுநாள் மதியம் ரத்த ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா நினைத்ததேதான். அதற்காகக் காத்திருந்தால் அதை வாங்கிக்கொள்ள ஆள் இருந்திருக்காது. ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். தையல்காரம்மா கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி, "என் சட்டையைத் தையல் பிரிக்காம கத்தரியால வெட்டினது யாரு?" என்று மகள் பட்டறைக்கே வந்து சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் என் பட்டறைக்கு ஒரு புகாரும் இல்லாமல் வந்த முதல் ஆள் அவள்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அவள் போன பிறகு 418-ஐ இருப்புப் பட்டியலில் ஏற்ற உட்கார்ந்தேன். எந்த வார்டுக்கும் அப்படி ஓர் எண் இல்லை. எல்லாப் பதிவேட்டையும் இறக்கினேன். இரண்டு வருடத்துக்கு முந்தையதில் கிடைத்தது. கழிக்கப்பட்டவை என்ற பக்கத்தில்.

'மணி 1.40. தெர்மாமீட்டர் 418. பெண்கள் வார்டு, ஏழாம் படுக்கை. எண் காட்டவில்லை. பழுது. கழிக்கப்பட்டது.'

என் கையெழுத்து.

பரிசோதனை என்ற கட்டம் காலியாக இருந்தது. 1.40. சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இடது கையால் எழுதித் தள்ளியிருப்பேன்.

கழிக்கும் கருவியில் பேட்டரியைக் கழற்றிவிடுவது என் வழக்கம். 418-ன் மூடியைத் திருகினேன்.

உள்ளே பேட்டரி இல்லை.

பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. அன்றைக்குப் பிறகு அது ஒளிரவே இல்லை.

ஆவண அறைக்குப் போனேன். அங்கிருக்கும் கிளார்க் எனக்குப் பழக்கம். அந்தத் தேதி, அந்த வார்டு, ஏழாம் படுக்கை. தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். பெண். வயது ஐம்பத்திரண்டு. நெஞ்சுச்சளி. கழுத்தில் பழைய அறுவைத் தழும்பு. நர்ஸின் குறிப்பு மூன்றே வரி.

'11.10. குளிர்கிறது என்கிறார். சால்வை கேட்கிறார். தெர்மாமீட்டரை நன்றாகப் பார்க்கச் சொல்கிறார்.'

'1.50. எழுப்பினால் எழவில்லை.'

'4.15. இறப்பு.'

பக்கத்தில் உடல் சூடு எழுதும் கட்டம். நாள் முழுவதற்கும் அதில் ஓர் எண்கூட இல்லை. 'கருவி பழுது' என்று எழுதியிருந்தது. சந்தேகம் வரக் கூடாது என்று, அதன் மேல் என் பட்டறை முத்திரையைக் குத்தியிருந்தார்கள்.